பாக்கெட்டில் இருக்கிற வரை

ஐப்பசி 1, வெள்ளி

முருகன் துணை.

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. இவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டு வந்த தாள்களை மடித்து, கோணி ஊசியால் தைத்துப் புது நோட்டு ஆக்கிவிட்டேன். தாளின் ஒரு பக்கம் காருடைய கோளாறெல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் பதினோரு வருஷமாக என் வீட்டுக் கணக்கும் மனக் கணக்கும் ஓடுகின்றன. எட்டாவதோடு நின்றவள் நான். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க வந்ததே இந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான். டோர், லேம்ப், பேட்டரி, டேஞ்சர் வரைக்கும் தெரியும்.

காலையில் துவைக்க எடுத்தபோது இவர் பேண்ட் பாக்கெட்டில் சோப்புக் கட்டி அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாமான் கிடந்தது. பிடித்து இழுக்கக் கைப்பிடி, மேலே மின்னல் படம்.

"ஏனுங்க, இது என்னதுங்க, பொம்மையாட்ட?"

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடி வந்தார். "அதைக் கீழ வைய்யி புள்ள! நனைச்சுப் போடாத."

பிறகு உட்கார வைத்துச் சொன்னார். இப்போது வருகிற பெரிய கார்களில் பெட்ரோலும் உண்டு, பின்சீட்டுக்கு அடியில் கட்டில் பெட்டி மாதிரி ஒரு பேட்டரியும் உண்டாம். நானூறு வோல்ட். "ஊட்டுக் கரண்டு தட்டுனா உதறித் தள்ளும். இது புடிச்சா விடாது." இந்த பிளக்கைப் பிடுங்கினால்தான் கார் சாகும். யார் பிடுங்குகிறாரோ அவர் பாக்கெட்டிலேயே அது இருக்கவேண்டும். டிராயரிலோ மேசையிலோ வைக்கக்கூடாது. அதுதான் இவர்கள் வேலையில் முறை.

"இது என்ற பாக்கெட்டுல இருக்குற வரைக்கும் அந்தக் காரு பொணம். ஆரு வேணும்னாலும் தைரியமா உள்ள கைய உடலாம். நானே என்ற கையால எடுத்துக் குடுத்தா, வேலை முடிஞ்சுது, மாட்டிக்கலாம்னு அர்த்தம். வேற ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல."

"மொதலாளி கேட்டா?"

"அந்த முருகனே வந்து கேட்டாலும் குடுக்கமாட்டேன்."

சாமியை இழுக்காதீர்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டுமாம். உள்ளே தங்கியிருக்கிற கரண்ட் வடிய வேண்டும். வேலைக்கு நடுவில் பத்து நிமிஷம் சும்மா நிற்கவேண்டியிருக்கிறது என்று இவர் எப்போதோ சொன்னபோதே, அதற்கு ஆறெழுத்து மந்திரம் நூற்றெட்டு சொல்லச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். கடிகாரமே பார்க்க மாட்டார். சரியாக இருக்கும்.

ஐப்பசி 4, திங்கள்

மழை. சோறு எடுத்துப் போகாமல் போய்விட்டார் என்று நானே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. தரையில் எண்ணெய்ச் சொட்டு கிடையாது. ஸ்பேனர் பிடிக்கிற நேரத்தைவிட லேப்டாப் பார்க்கிற நேரம்தான் அதிகம்.

நடுவில் ஒரு வெள்ளைக் கார். மில்லுக்காரர் வீட்டு வண்டி. பாலத்துக்கு அடியில் தேங்கின தண்ணீரில் டிரைவர் விட்டுவிட்டாராம். பேட்டரிப் பெட்டிக்குள் ஈரம் போய்விட்டது. இவர் மூடியைத் திறந்து போட்டு நான்கு நாளாக அதனோடு மல்லுக்கட்டுகிறார்.

இவரோடு வேலை செய்கிற ஆரோக்கியதாஸ் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "வாங்க தங்கச்சி. உங்க ஊட்டுக்காரரு இந்தக் காருக்குத் தாலி கட்டிட்டாரு. கிட்டப் போனாலே மொறைக்கிறாரு."

"நீ சோத்துக் கையோட உள்ள தொடுவ, அதான் மொறைக்கறேன்," என்றார் இவர்.

"பத்து நிமிசம் பொறுக்கோணும்னு தெரியாதா எனக்கு? நீ முருகனைக் கூப்புடற நேரத்துல நான் ஜெபமாலை ரெண்டு பத்து முடிச்சுப்போடுவேன் பங்காளி. எங்காளு வேகம்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஜெயப்பிரகாஷ் சார் வந்தார். மில்லுக்காரர் வீட்டில் தலைதீபாவளி. புது மாப்பிள்ளையை அழைத்துவர இந்தக் கார்தான் போகவேண்டுமாம்.

"கம்ப்யூட்டர் பச்சை காட்டுதில்ல சென்னியப்பா?"

"காட்டுதுங்க சார். உள்ள ஒரு கேபிள் நுனி அரிச்சிருக்குதுங்க. மாத்தோணும். சாமான் வர ஒரு வாரம் ஆகுங்க."

"நீ காரு ரிப்பேர் பண்றயா, பிரசவம் பாக்கறயா? டேப்பு சுத்தி அனுப்பு."

"முடியாதுங்க சார்."

அப்படியே முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். சாரின் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். இப்படிச் சொல்லித்தான் முன்னே இரண்டு வேலை போனது. மகள் இலக்கியா திருச்செங்கோட்டில் விடுதியில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். முருகா, இவருக்குக் கொஞ்சம் வளைந்து போகிற புத்தியைக் கொடு.

ஐப்பசி 7, வியாழன்

சிலிண்டர் மாற்றியது. துவரம்பருப்பில் வண்டு. வெயில் இல்லாததால் வறுத்து வைத்தேன்.

ஐப்பசி 11, திங்கள்

மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். உடம்பு நெருப்பு. இரண்டு நாளாகவே காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு கொசுக் காய்ச்சல் என்றார். எழுந்து நடக்கக்கூடாது, கஞ்சியும் இளநீரும்தான், பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பேண்டை ஆணியில் மாட்டும் முன்பு பாக்கெட்டைத் தடவினேன். ஆரஞ்சு பிளக் இருந்தது. எடுத்துச் சாமி அலமாரியில் வேலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தூக்கத்தில் உளறுகிறார். "மூடிய மூடாதீங்க, மூடாதீங்க" என்று இரண்டு தரம்.

ஐப்பசி 12, செவ்வாய்

முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பதினொரு மணிக்கு ஜெயப்பிரகாஷ் சார் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. வந்தவருக்குக் காபி போட வீட்டில் பால் இல்லை. உட்கார வைத்துவிட்டு அடுத்த தெருவில் மாரப்பன் வீட்டுக்கு ஓடி, கால் லிட்டர் வாங்கி வந்தேன். பால் கார்டில் குறித்தாயிற்று.

"எழுப்பாதீங்க அம்மிணி, பாவம், தூங்கட்டும்," என்றார் சார். கதவருகே நின்று இவரைப் பார்த்தார். "அந்த பிளக்கு ஒண்ணுதானுங்க வேணும். பேண்ட்டுல கொண்டாந்துட்டாராட்டிருக்குது. மத்ததெல்லாம் தாஸ் பாத்துக்குவாரு. அது இல்லாம வண்டி நகராதுங்க. ரெண்டு மணிக்கு மில்லுக்காரரு டிரைவரு வந்து நிக்கப்போறான்."

"இவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எழுப்பிக் கேட்டா என்ன சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியுமுங்க." காபியை ஆற்றினார். "நல்ல வேலைக்காரரு. ஆனா எத்தனை நாளைக்குத்தானுங்க நானும் தாங்கறது? பாப்பா என்ன, ரெண்டாம் வருசமா? நல்லாப் படிக்குதா?"

படிக்கிறாள் என்றேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் கை வைத்தால் சுடுகிறது. அந்த நிலையில் ஒருவரை எழுப்பி வேலை விஷயம் கேட்பது பாவம். அது மட்டுமா, பிறத்தியார் பொருள் நம் வீட்டில் ராத்தங்கக் கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள கொள்கை. ஏற்கனவே ஒரு ராத்திரி தங்கிவிட்டது.

நல்லபடியாக முடியட்டும் என்று பிளக்கில் திருநீறு தொட்டு வைத்துக் கொடுத்தேன். சார் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். இவர் வேலை பிழைத்தது என்று நினைத்தேன்.

முறுக்கு நாற்பத்திரண்டு வந்தது. நான்கு உடைந்துவிட்டது.

ஐப்பசி 13, புதன்

காலையில் ஃபிலோமினா போன் செய்தாள். ஆரோக்கியதாஸின் மனைவி. அழுதுகொண்டே சொன்னாள். நேற்று ஒன்றரை மணிக்கு தாஸ் பிளக்கை மாட்டியிருக்கிறார். மாட்டிவிட்டுப் பேட்டரிப் பெட்டியின் மூடியைப் பொருத்த உள்ளே கை நீட்டியிருக்கிறார். மூடாத கேபிள் நுனியில் பட்டுவிட்டது. மரக்கட்டையால் அடித்துத்தான் பிரித்தார்களாம். இரண்டு கையும் நெஞ்சும் வெந்துபோய் ஐசியுவில் கிடக்கிறார்.

இவருக்குச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பிளக்கு என்கிட்டயில்ல இருந்துச்சு! என்ற பேண்ட் எங்க?"

பேண்டைத் துவைத்துக் காயப் போட்டிருந்தேன். ஈரத்தோடு எடுத்துப் பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தொவைக்கறப்ப இதுல இருந்துச்சா சாந்தா?"

"தொவைக்கறப்ப ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

துவைத்தது இன்று காலையில். துவைக்கும்போது ஒன்றும் இல்லைதான். நான் பொய் சொல்லவில்லை.

ஐப்பசி 14, வியாழன். தீபாவளி

எண்ணெய் வைக்கவில்லை. இலக்கியாவை விடுதியிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். முறுக்கை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். முப்பத்தெட்டு.

ஐப்பசி 16, சனி

சஷ்டி விரதம் ஆரம்பம். ஒவ்வொரு வருஷமும் பாலும் பழமும் எடுத்துக்கொள்வேன். இந்த வருஷம் ஆறு நாளும் பச்சைத் தண்ணீர்தான். தாஸ் அண்ணன் பேரில் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். ஃபிலோமினா வராந்தாவில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்ட்டீங்களா அக்கா?" என்று என்னைக் கேட்கிறாள். அவள் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது.

விரதம் என்றேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "என் கூடப் பொறந்தவகூட செய்யமாட்டாக்கா."

அவள் முடி சிக்குப் பிடித்திருந்தது. சீப்பு இல்லாததால் விரலால் எடுத்துவிட்டேன்.

ஐப்பசி 17, ஞாயிறு

தண்ணீர் நான்கு டம்ளர். இவருக்குக் காய்ச்சல் விட்டது.

ஐப்பசி 19, செவ்வாய்

இவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். தாஸ் அண்ணன் முகத்தில் புருவமே இல்லை. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"வா பங்காளி. கொசு கடிச்சு நீ படுத்த. கரண்டு கடிச்சு நான் படுத்தேன்."

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிளக்கு எப்படிடா உன்ற கைக்கு வந்துச்சு?"

"சார் குடுத்தாரு. சென்னியப்பன் குடுத்துவிட்டாருன்னாரு. நீ குடுத்துவிட்டா முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்? மறுக்கா உள்ள எட்டிப் பாக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல." மூச்சு வாங்கியது. பிறகு சிரிக்கிற மாதிரி உதடு போனது. "அதுல திருநீறு வேற ஒட்டியிருந்துச்சு. பங்காளி ஊட்டுச் சாமியே பர்மிசன் குடுத்துருச்சுன்னு சொல்லிட்டே மாட்டுனேன்."

இவர் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் நெற்றியிலும் காலையில் திருநீறு பூசித்தான் அனுப்புகிறேன். கையில் ஒட்டியிருக்கும். கையிலிருந்து பிளக்கில் ஒட்டியிருக்கும். இதில் பெரிதாக நினைக்க ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் ஒர்க்‌ஷாப்பில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். நான் ஆட்டோவிலேயே இருந்தேன். கண்ணாடிச் சுவர் வழியாக அவர் கை ஆட்டிப் பேசுவது தெரிந்தது, சார் தோளைத் தட்டுவது தெரிந்தது. வந்து ஏறியதும் சொன்னார்:

"நான் கிளம்பறப்ப அவரு மேசை மேல வெச்சுட்டுப் போனேனாமா. காய்ச்சல்ல நெனப்பு இல்லைங்கறாரு."

"இருக்குமுங்க," என்றேன். "நடக்கவே முடியலையே அன்னிக்கு உங்களுக்கு."

"பதினோரு வருசத்துல ஒருக்காக்கூட மேசைல வெச்சதில்ல புள்ள."

ஆட்டோவை எடுக்கச் சொன்னேன்.

ஐப்பசி 20, புதன்

சார் போன் செய்தார். இவர் குளிக்கிற நேரம் பார்த்துச் செய்த மாதிரி இருந்தது.

"அம்மிணி, நீங்க அவருகிட்ட ஒண்ணும் சொல்லிக்கலையில்லீங்க? ... நல்லதுங்க. நான் உங்க ஊட்டுக்கு வந்ததும் இல்ல, நீங்க குடுத்ததும் இல்ல. காய்ச்சல்ல மறந்துட்டாருன்னா ஆரும் பெரிசா எடுக்கமாட்டாங்க. இன்ஸ்பெக்டருகிட்ட நான் பேசிக்கறேன். தாஸ் ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கறேன். உங்க ஊட்டுக்காரரு எப்பவும் போல வேலைக்கு வரட்டும். நீங்க வேற எதாச்சும் சொன்னா, தூங்கற புருசன் பாக்கெட்ல கை வெச்சவன்னு உங்களத்தானுங்க பேசுவாங்க."

சரிங்க என்றேன்.

அந்த பிளக்குக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? நான் அடுப்படியில் கிடப்பவள்.

விரதம் ஐந்தாம் நாள். நிற்கும்போது கண் இருட்டுகிறது. முருகா, கணக்கு வைத்துக்கொள்.

ஐப்பசி 22, வெள்ளி

திருக்கல்யாணம் முடிந்து கோயிலில் இலை போட்டார்கள். முதல் கவளம் எடுத்தபோது போன் வந்தது. தாஸ் அண்ணன் போய்விட்டார்.

ஐப்பசி 23, சனி

கல்லறைத் தோட்டத்தில் இவர் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். மண் போடச் சொன்னார்கள். குனிந்து எடுத்தார். கையை விரிக்க வரவில்லை. வேறொருவர் வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

மழை விட்டிருந்தது. கடையில் மெழுகுவர்த்தி இரண்டு கட்டு வாங்கினோம்.

ஐப்பசி 25, திங்கள்

ஃபிலோமினாவிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் எப்படி ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டே போனேன். மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

போனதும் அவள் மோர் கொடுத்தாள். தாஸ் அண்ணனின் பனியனை மடித்துக்கொண்டே பேசினாள்.

"சென்னியப்பண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லக்கா. காய்ச்சல்ல மறந்துட்டாரு. எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா..." பனியனைத் திரும்பப் பிரித்தாள். "புள்ளைங்க முன்னால அவரு மொகத்தைப் பாக்க முடியாதுக்கா. நாளைக்கு வரேன்னு சொன்னாராமா. வரவேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க வாங்க. நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. உங்கள விட்டா எனக்கு ஆரு?"

மோர் புளித்திருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வரவேண்டாம் என்று சொன்னதை மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அவரே மறுபடி பீரோவில் வைத்தார்.

ஐப்பசி 28, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. முந்தாநாள் போனார், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். ஏதோ ஒரு காரில் பிளக்கைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டாராம். போட்டோமா என்று தடவிப் பார்த்தாராம். இருந்ததாம். மறுபடி தடவினாராம். பத்து நிமிஷத்தில் முப்பது தரம் தடவியிருப்பேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரித்தார்கள் என்றார். நூற்றெட்டில் எத்தனை சொன்னோம் என்பதும் தப்பிப் போய்விட்டதாம்.

வீட்டிலும் அப்படித்தான். கேஸ் அடைத்திருக்கிறதா என்று எழுந்து எழுந்து போகிறார். "நான் மாத்திரை போட்டனா புள்ள?" என்று கேட்கிறார். போட்டீர்கள் என்றால் சரி என்கிறார். போடவில்லை என்றால் போட்டுக்கொள்கிறார். நான் எது சொன்னாலும் நம்புகிறார்.

நம்புகிற மாதிரி கேட்டுக்கொள்கிறார். எழுதும்போது இப்படித்தான் வருகிறது.

கார்த்திகை 1, சனி

மாரப்பன் பால் கணக்குக்கு ஆள் அனுப்பிவிட்டார். போன மாதத்தது, ஆஸ்பத்திரி அலைச்சலில் அப்படியே கிடந்தது. எப்போதும் நான் பார்க்கிற கணக்கு. நான் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று இவரைப் பார்க்கச் சொன்னதும் நான்தான். கார்டையும் பென்சிலையும் கையில் கொடுத்ததும் நான்தான்.

கோலம் போட்டு முடித்து உள்ளே வந்தேன். கார்டில் ஒரு இடத்தில் பென்சிலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருவத்தொம்போதாந் தேதி கால் லிட்டரு சேத்து வாங்கியிருக்கற."

ஆங்கிலத் தேதி இருபத்தொன்பது என்றால் ஐப்பசி பன்னிரண்டு, செவ்வாய்.

"டாக்டரு எனக்குப் பால் ஆகாதுன்னாரு. கஞ்சிதான் குடிச்சேன்." பென்சிலை எடுக்கவில்லை. "நீ தனியா இருந்தா காபி குடிக்கமாட்ட."

என் கையில் கோலமாவு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆராச்சும் வந்தாங்களா சாந்தா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. உதடுதான் பிரியவில்லை.

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கார்டுக்குப் பார்வையைத் தாழ்த்தினார்.

"பூனை உருட்டியிருக்கும்," என்றார். "அதுக்குத்தான் மறுக்கா வாங்கியிருப்ப."

எங்கள் வீட்டுக்குப் பூனை வருவதில்லை.

கூட்டல் போட்டுக் கீழே கோடு கிழித்தார். சரியாகப் போட்டிருந்தார். கார்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. நான் அடுப்படியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்து நிமிஷம். பிறகு எழுந்து முகம் கழுவப் போனார்.

கார்த்திகை 2, ஞாயிறு

சார் ஆள் அனுப்பியிருந்தார். நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். என்ன எழுதவேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்தே அனுப்பியிருக்கிறார். "பிளக்கை நானே என் ஞாபகக் குறைவால் முதலாளி மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றேன். அதனால் நேர்ந்ததற்கு நானே பொறுப்பு." கடைசி வரி அதுதான்.

இவர் அதை இரண்டு தரம் படித்தார். "நல்லா எழுதியிருக்கறாங்க," என்றார்.

"கையெழுத்துப் போட்டா என்னாகுமுங்க?"

"கேசு ஆகும். இனிமே இந்த வண்டிகளை எவனும் என்கிட்ட தரமாட்டான்."

"போடாட்டி?"

ரசம் ஊற்றும்போதுதான் சொன்னார். "போடாட்டி, ஆரு குடுத்தாங்கன்னு தேடுவாங்க புள்ள."

பிறகு ரசம் நன்றாக இருக்கிறது என்றார். நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

கார்த்திகை 3, திங்கள்

ஒன்பது மணிக்குக் கிளம்பினார். அன்றைக்குப் போட்டிருந்த அதே பேண்ட். தேய்த்து வைத்திருந்தேன். சாமி அலமாரி முன்னால் நின்றார். திருநீற்றுத் தட்டை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

செருப்புப் போடப் போனவர் திரும்பி வந்தார். "கைய நீட்டு," என்றார்.

நீட்டினேன். பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். வெள்ளைத் துணி இரண்டு பக்கமும் நாக்கு மாதிரி தொங்கியது. அதில் துவைத்தும் போகாத ஆரஞ்சுக் கறை கொஞ்சம்.

"பாத்துக்க. ஒண்ணும் இல்ல."

நான் பார்த்தேன்.

"இதெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். "ஆரு கேட்டாலும் குடுத்தறாத."

பாக்கெட்டுகளை உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போனார். தெரு முனையில் கை பாக்கெட்டைத் தடவியது இங்கிருந்தே தெரிந்தது.

அவர் கொடுத்துவிட்டுப் போனவை:

வண்டிச் சாவி ஒன்று.
கைக்குட்டை ஒன்று.
டெஸ்டர் ஒன்று, மூடி இல்லாதது.
ஒர்க்‌ஷாப் லாக்கர் சாவி ஒன்று.
தாஸ் அண்ணன் எப்போதோ கொடுத்த மாதா படம் ஒன்று, ஓரம் மடங்கியது.

மொத்தம் ஐந்து. சாமி அலமாரியில் வேலுக்குப் பக்கத்தில் வைத்தேன். திருநீறு வைக்கவில்லை.